வேலுமணியின் மெரூன்

தெருக் குழாயில் மெரூன் நிறத்தில் தண்ணீர் வந்தது. அதில் குளித்த வெள்ளைப் பசு செவலையாகத்தான் வீடு திரும்பியது. சாயப்பட்டறை முதலாளி வேலுமணிக்குக் காரணம் தெரியும். குடிநீர்க் குழாய் உடைந்து கிடந்த சாக்கடையில் கழிவைத் திறந்துவிட்டவர் அவர்தான். மாட்டினால் பட்டறைக்குப் பூட்டு.

சோதனைக்கு வந்த அதிகாரி அந்தக் குழாய்த் தண்ணீர் நிறைந்த ஒரு குடத்தைக் காட்டினார்.

"நம்முளுது இல்லீங்க சார். இந்த வாரம் நாங்க வெள்ளை மட்டுந்தான் ஓட்டறோம்," என்றார் வேலுமணி, பால்குடிக் குழந்தையின் முகத்தோடு.

குடத்தைக் கொண்டுவந்தவள் அதே தெரு ஜெயசுதா; அந்தத் தண்ணீரால் அவள் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு. ஆனாலும் அவள் சிரித்தாள்.

"அண்ணன் சொல்றது நெசந்தானுங்க சார். இத்தனை நல்ல கலரு இவருக்கு எங்கீங்க வரும்? இது எதுத்த பட்டறைத் தங்கராஜ் அண்ணன் கைவேலைங்க."

வேலுமணிக்கு உச்சந்தலை சுட்டது.

"தங்கராஜா? அவன் போடற செவப்பு ரெண்டு தொவைக்கே பல்லிளிச்சுப் போகும். இது என்ற கலருங்க, சாமி. நல்லாப் பாருங்க."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"அத்தனை நல்ல கலருன்னா ஒரு டம்ளர் குடிச்சுப்போட்டுச் சொல்லுங்ண்ணா," என்றாள் ஜெயசுதா. தெருவே சுற்றி நின்றது. தன் கலரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வேலுமணி கண்ணீர் விட்டுக்கொண்டே குடித்தார்.

"நாக்கை நீட்டுங்க," என்றார் அதிகாரி.

வேலுமணி நீட்டினார். கோழிக்கொண்டை தோற்றுவிடும். அதை நாலு பக்கமும் போட்டோ பிடித்துக்கொண்ட பிறகே அதிகாரி பட்டறையைப் பூட்டினார்.