ஒரே போனுக்குத் திறக்கும் கதவு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காற்றாடிக்கு அடியில் இன்னும் இடம் இருக்கிறது. கையில் இருக்கிற போனைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே ஒரு மருமகள் தான் செய்த கதவுக்குப் பின்னால் தானே மாட்டிக்கொண்டாள். அந்தக் கதையை இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கப்போகிறேன்.

அவள் பேர் இந்துமதி. பிறந்தது குன்னத்தூர். கம்ப்யூட்டர் படித்து, கோயமுத்தூரில் வேலையில் இருந்தாள். என்ன வேலை என்றால், போனும் மற்றச் சாமான்களும் ப்ளூடூத்தில் பேசிக்கொள்ளப் புரோகிராம் எழுதுகிற வேலை. பிரஷர் பார்க்கிற மெஷின், தராசு, கைக்கடிகாரம், எதுவானாலும் சரி, இவள் எழுதிக் கொடுத்துவிட்டால் அது போனோடு பேச ஆரம்பித்துவிடும். தரணீதரனைக் கட்டிக்கொண்டு வந்ததும் மாமனார் ஆத்தப்பன், நம்ம கம்பெனி இருக்கும்போது அடுத்தவர் கம்பெனிக்கு எதற்கு பஸ் ஏற வேண்டும் என்றார். அதட்டவில்லை. அவர் யாரையும் அதட்டியதே கிடையாது. குழந்தைக்குச் சோறு பிசைகிற மாதிரி மெதுவாகப் பேசுவார். ஆனால் அவர் சொன்ன பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சு எழும்பாது. இந்துமதி வேலையை விட்டாள். லேப்டாப்பை மட்டும் விடவில்லை. எங்கே போனாலும் அது அவள் தோள்பையில் கூடவே போகும்.

கம்பெனிக்குப் பின்புறம், தையலுக்கு வருகிற பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல். முக்கால்வாசிப் பேர் தெற்கத்திப் பெண்கள். அவர்களுடைய போன்களை வார்டன் கருப்பாத்தாள் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் கைக்கு வரும். வாசல் கதவில் ஒரு பெரிய பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் ஆடிட்டுக்கு வந்தவர்கள் அந்தப் பூட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வெளியிலிருந்து பூட்டி ஆட்களை வைத்திருந்தால் ஆர்டர் கிடையாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்குத்தான் ஆத்தப்பன் மருமகளைக் கூப்பிட்டார்.

"பூட்டு இருக்கோணும் அம்மிணி. ஆனா பூட்டுன்னு கண்ணுல தெரியக்கூடாது. நீங்க படிச்சதுல அப்படி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நீங்க படிச்சதுல என்று அந்த வீட்டில் ஒருவர் கேட்டதே அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில், பூட்டு யாருக்கு என்பதை அவள் யோசிக்கவில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து செய்து முடித்தாள். கதவுக் கட்டைக்குள்ளேயே புதைந்திருக்கிற பூட்டு. 'நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன்' என்று அது காற்றில் தன் பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். போன் பக்கத்தில் வந்து பதில் சொன்னால் இரண்டும் தங்களுக்குள் ஒரு ரகசிய எண்ணை மாற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் போனுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். வேறு எந்தப் போன் வந்து கெஞ்சினாலும் திறக்காது. ஒரே போன் போதும் என்று மாமனார் சொன்னார். அது கருப்பாத்தாளின் போன் ஆயிற்று. கரண்ட் போனாலும் திறக்கக்கூடாது என்றார், பேட்டரியிலேயே ஓடுகிற மாதிரி செய்தாள். உள்ளிருந்து கைப்பிடியைத் திருகினாலும் திறக்கக்கூடாது என்றார். அதையும் எழுதிக் கொடுத்தாள். அடுத்த ஆடிட்டில் வந்தவர்கள் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணியூரில் சொந்தக்காரர் வீட்டுப் பெண் பெரியவளானதற்குச் சீர். வீடே வேன் ஏறிவிட்டது. கருப்பாத்தாளும் தூரத்து உறவு என்பதால் பட்டுச்சேலை கட்டிக் கிளம்பிவிட்டாள். பூட்டுப் பேட்டரி தீரப்போகிறது என்று பீப் பீப் சத்தம் வந்துகொண்டிருந்ததால், மருமகள் மட்டும் இருந்து மாற்றிவிடட்டும் என்று ஆத்தப்பன் சொல்லிவிட்டார். கருப்பாத்தாள் ஹாஸ்டல் கதவைத் திறந்து இந்துமதியை உள்ளே விட்டாள். வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். வருஷக்கணக்காக அந்தக் கதவை ஒரு மூச்சு நேரம்கூடத் திறந்து போட்டுப் பழகாத கை அவளுடையது. போகிற போக்கில் அந்தக் கை தானாகக் கதவை இழுத்துச் சாத்திவிட்டது. வேனும் போய்விட்டது, அவள் இடுப்பில் செருகியிருந்த போனும் கூடவே போய்விட்டது.

க்ளிக் என்று கேட்டதுமே இந்துமதிக்கு விளங்கிவிட்டது. சிரிப்புதான் முதலில் வந்தது. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த ஒச்சம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள்தான் அங்கே இருப்பதிலேயே வாய்த்துடுக்குக்காரி.

"வாங்க முதலாளியம்மா. உங்களையும் சேத்துப் பூட்டிட்டாங்களா? பாய் வேணுமா, தலகாணி வேணுமா?"

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். இந்துமதியும் சிரித்தாள். ஆனாலும் கை ஒருதரம் கைப்பிடியைத் திருகிப் பார்த்தது. தான் எழுதியது சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். சரியாகத்தான் வேலை செய்தது. பாழாய்ப்போன கதவு ஒரு நூலிழைகூட அசையவில்லை. அதோடு அவள் சிரிப்பு நின்றுபோயிற்று.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று உள்பக்க மூடியைக் கழற்றினாள். பழைய பேட்டரியை உருவிக் கையில் வைத்திருக்கும்போது ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"ஏ ரோசு. ரோசு, வெளிய வா."

குன்னத்தூரில் துணிக்குச் சாயம் ஏற்றுகிற டையிங் வேலை பார்க்கிற அந்தோணிராஜ். உள்ளே இருக்கிற ரோஸ்மேரியின் அண்ணன். கேட் வாட்ச்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே வந்திருக்கிறான். ஊரில் அம்மாவுக்கு மறுநாள் காலையில் இதய ஆபரேஷன். இரண்டு பிள்ளைகளையும் கண்ணால் பார்க்காமல் மயக்க மருந்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அடம் பிடித்துக் கிடக்கிறாளாம். மதியத்துப் பஸ்ஸை விட்டால் அடுத்தது ராத்திரிதான், அதில் போனால் ஆபரேஷனுக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. தங்கச்சிக்குக் காலையிலிருந்து போன் அடித்துப் பார்த்திருக்கிறான். அது அலமாரிக்குள் கிடந்து யாருக்கும் கேட்காமல் அடித்து ஓய்ந்திருக்கிறது.

ரோஸ்மேரி அழவில்லை. கொடியில் கிடந்த இரண்டு சுடிதாரை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். கதவைப் பார்த்தாள், பிறகு இந்துமதியைப் பார்த்தாள்.

இந்துமதி புருஷனுக்குப் போன் போட்டாள். அங்கே மேளச் சத்தம். தரணீதரன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வழக்கம்போல, அப்பாகிட்டக் குடுக்கறேன் என்றான். ஆத்தப்பன் பொறுமையாகக் கேட்டார். பந்தி நடக்கிறது, சாயங்காலம் வந்துவிடுவோம், அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருங்கள் என்றார். அதுவரைக்கும் பஸ் நிற்காதுங்க மாமா என்றாள் இவள்.

"நாளைக்கு நானே கார் வெச்சு அனுப்பி வெக்கறேன் அம்மிணி. ஒருத்தி போனா, நாளைக்கு எல்லாருத்தோட அம்மாவுக்கும் முடியாமப் போகும். நீங்க கதவுகிட்டப் போக வேண்டாம்."

போன் வைத்துவிட்டார். வைத்த பிறகும் அந்த மெதுவான குரல் அவள் காதைச் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷமாக அந்தக் குரல் சொன்ன இடத்தில் நின்று, சொன்ன இடத்தில் உட்கார்ந்து பழகின உடம்பு அவளுடையது.

கேளுங்கள் கண்ணுகளா, அவளுக்கு வழி தெரியாமல் இல்லை. கருப்பாத்தாளின் போன் தொலைந்துபோனால் என்ன செய்வது என்று, யாரிடமும் சொல்லாமல் ஒரு வழி வைத்திருந்தாள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஒரு நிமிஷம் மட்டும் பூட்டு எந்தப் போன் பேசினாலும் கேட்கும். அந்த நிமிஷத்தில் யார் சேர்கிறார்களோ அவர்களுடைய போன்தான் அதற்குப் பிறகு சாவி. பழைய போனைப் பூட்டு மறந்துவிடும். அதுதான் சங்கடம். இப்போது திறந்தால், சாயங்காலம் கருப்பாத்தாள் வந்து போனை நீட்டும்போது எல்லாம் வெளிச்சமாகிவிடும். சும்மா இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. மருமகள் சொன்ன பேச்சுக் கேட்டாள் என்று இருக்கும்.

"அக்கா, நீங்க செஞ்சதுதானே இது?" ரோஸ்மேரி கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"ஆமா கண்ணு. நாந்தான் செஞ்சேன்."

புதுப் பேட்டரியைச் செருகினாள். பூட்டு காற்றில் தன் பேரைச் சொல்ல ஆரம்பித்தது. அவசரத்தில் போனில் ஒருதரம் தப்பாக அழுத்திவிட்டாள். திரும்ப அழுத்தினாள். போன் யோசித்தது. ஒச்சம்மாள் துணியைப் போட்டுவிட்டுக் கிட்ட வந்து எட்டிப் பார்த்தாள். நிமிஷம் முடிகிற தறுவாயில் இரண்டும் சேர்ந்துகொண்டன. க்ளிக்.

வெளியே நின்ற அந்தோணிராஜ் கும்பிடக் கையெடுத்தான். கும்பிடுகிற நேரமா இது, ஓடு என்று இந்துமதி சொன்னாள். ரோஸ்மேரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே அண்ணன் பின்னால் ஓடினாள்.

இந்துமதி வாசற்படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மாமனார் சொல்லி எழுதின வரிகளைத் தேடிப் பிடித்து எடுத்துப் போட்டாள். உள்ளிருந்து கைப்பிடியைத் திருகினால், போனே இல்லாமல் கதவு திறக்க வேண்டும் என்று எழுதினாள். அந்தப் புரோகிராமைக் காற்றிலேயே பூட்டுக்கு அனுப்பினாள். பிறகு கதவை உள்ளே இருந்து சாத்தி, ஒச்சம்மாளைத் திருகச் சொன்னாள். திறந்தது. திரும்பச் சாத்தச் சொல்லி இன்னொருத்தி திருகினாள். அப்புறம் எல்லோரும் ஆளுக்கு ஒருதரம் திருகிப் பார்த்தார்கள். ஒருத்தியும் ஓடிப்போகவில்லை. ரெண்டு பேர் முக்குக் கடைக்குப் போய் டீக்குத் தொட்டுத் தின்ன வர்க்கி வாங்கிவந்தார்கள். மற்றவர்கள் வெயிலில் நின்று தலைமுடியை உலர்த்தினார்கள்.

சாயங்காலம் வேன் வந்தது. கருப்பாத்தாள் கதவில் போனைக் காட்டினாள். திறக்கவில்லை. துடைத்துக் காட்டினாள். உள்ளே இருந்து இந்துமதி கைப்பிடியைத் திருகித் திறந்துவிட்டாள். ஆத்தப்பன் கைப்பிடியை ஒருதரம் பார்த்தார்.

"பழையபடி மாத்திருங்க அம்மிணி."

"மாத்த முடியாதுங்க மாமா."

"முடியாதுன்னா தெரியாதுங்களா, செய்யமாட்டீங்களா?"

"செய்யமாட்டேனுங்க."

அவர் தலையாட்டினார். பாரத்தை வாங்குகிற மாதிரி அவள் தோளிலிருந்து லேப்டாப் பையை மெல்ல வாங்கிக்கொண்டார். இது ஆபீசில் இருக்கட்டும், ஊட்டுக்குப் போலாம் என்றார். வேனில் மாமியாருக்கும் கருப்பாத்தாளுக்கும் நடுவில் அவளை உட்கார வைத்தார்கள். தரணீதரன் முன்சீட்டிலிருந்து திரும்பவேயில்லை.

மறுநாள் ரோஸ்மேரி, அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டாள். எங்க ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக்கிட்டே அம்மா உள்ள போனா அக்கா, நல்லபடியா முடிஞ்சுது என்றாள்.

பூட்டைப் பழையபடி ஆக்கக் கோயமுத்தூரிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார்கள். இந்துமதி போட்ட பாஸ்வேர்டு இல்லாமல் பூட்டின் புரோகிராமுக்குள் நுழைய முடியாது, இந்த மாதிரிப் பூட்டு கடையிலும் கிடைக்காது என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். பழைய தொங்கு பூட்டை மாட்டலாம் என்றால் ஆடிட்காரர்கள் எந்நேரமும் வருவார்கள். அதனால் தினமும் காலையில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து ஆத்தப்பன் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கிறார், அதே மெதுவான குரலில். இந்துமதி சட்னியை ஊற்றுகிறாள். இன்னொரு இட்லி வெக்கட்டுங்களா என்கிறாள். வெளியே வேலைக்குப் போக விட்டபாடில்லை, லேப்டாப் திரும்பி வந்தபாடில்லை. அவள் அந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கிறாள். ஆனால் அந்தக் கதவு மட்டும் இன்றைக்கும் உள்ளிருந்து திருகினால் திறக்கிறது.

நல்லது, எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டில் அடுப்பு குளிராமல் எரியட்டும். வெளியூர் போன பிள்ளைகள் பெற்றவளின் கையைப் பிடிக்க நேரத்துக்கு வந்து சேரட்டும். வாழ வந்த பெண்கள் நினைத்தபோது போய், நினைத்தபோது வரட்டும். உங்கள் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும், பூட்டி வைத்ததால் அல்லாமல், பிரியப்பட்டு இருக்கட்டும். நல்லா இருங்கள் கண்ணுகளா.