இரண்டு விசிலுக்கு நடுவே

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், ஞானசேகரன் பார்த்து ஒப்புக்கொள்ளாத ஒரு பல்சக்கரமும் ஆவடியைத் தாண்டி உருண்டதில்லை. ராணுவ வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு தடித்துவிட்டதென்று ஒரு முழு லாரி சரக்கைத் திருப்பி அனுப்பியவர். இதற்காகக் குவார்ட்டர்ஸ் சங்கத்தார் பொங்கல் விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வையில் நூல் பிரிந்திருப்பதை அவர் மேடையிலேயே சுட்டிக்காட்டினார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பூந்தமல்லியில் உள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், பனியனும் லுங்கியுமாகச் செருப்பில்லாமல் நின்றார்.

ஒன்பது வருடம் காத்திருந்து பிறந்த பெண். பத்தொன்பது நாள் ஆகிறது. பிரசவத்துக்காக மனைவி மைதிலி கரையான்சாவடியில் தன் தம்பி பூபாலன் வீட்டில் இருந்தாள். ஞாயிறுதோறும் ஞானசேகரன் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அன்றைக்கு அவர் உள்ளே நுழைந்து சட்டையைக் கழற்றி மாட்டி லுங்கிக்கு மாறிய நேரத்தில்தான் குழந்தை மூச்சை நிறுத்தியது. பிறகு மறுபடி விடத் தொடங்கியது. அவர்கள் பூபாலனின் ஷேர் ஆட்டோவில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது, இவ்வளவு பேர் எதற்காக ஓடுகிறார்கள் என்பதுபோல் விழித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் கிருஷ்ணப்பிரியா குழந்தையின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே கேட்டார். "எவ்வளவு நேரம் மூச்சு இல்லாம இருந்தா?"

"அஞ்சு நிமிஷம்" என்றார் ஞானசேகரன்.

"அவ்வளவு இருக்காது சார். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பத்துகூட இருக்கலாம்."

டாக்டர் மைதிலியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பால் குடுத்து, தோள்ல போட்டுத் தட்டிட்டு, அப்பதான் மடியில கிடத்தினேன் டாக்டர். என்னையே பாத்துகினு இருந்தா. குக்கர் விசில் அடிச்சுது. எப்பவும் அந்தச் சத்தத்துக்குக் கையைக் காலை உதறுவா. அன்னிக்கு உதறல. என்னடான்னு குனிஞ்சு பாத்தா, உதடு நாவப்பழம் கலரு. கை தொங்கிடுச்சு. தூக்கி முதுகைத் தேய்ச்சேன், உள்ளங்காலைச் சுண்டினேன். அடுத்த விசில் வரதுக்குள்ள வீல்னு கத்திட்டா."

"அன்னிக்கு இல்ல, இன்னிக்கு" என்று திருத்தினார் ஞானசேகரன். யாரும் பொருட்படுத்தவில்லை.

டாக்டர் வரிசையாகக் கேட்டார். சாம்பிராணி போட்டீர்களா? மூக்கில் எண்ணெய் விட்டீர்களா? இருமல், காய்ச்சல்? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போனார்களா? எல்லாவற்றுக்கும் மைதிலி இல்லை என்றாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்.

பிறகு சோதனைகள் ஆரம்பித்தன. சோதனை என்ற சொல்லுக்கே தான்தான் உரிமையாளர் என்று அதுவரை ஞானசேகரன் நினைத்திருந்தார். நர்ஸ் கஸ்தூரி குழந்தையின் பாதத்தில் ஒரு பட்டையைச் சுற்றினார். அதிலிருந்த சிவப்பு விளக்கு எரிந்ததும் பாதம் முழுவதும் உள்ளிருந்து வெளிச்சமிட்டது. தோலைத் தாண்டி, சதையைத் தாண்டி, குன்றிமணி குன்றிமணியாக ஐந்து விரல்கள் ஒளிர்ந்தன. திரையில் தொண்ணூற்றெட்டு என்று வந்தது. ரத்தத்தில் உயிர்க்காற்று எவ்வளவு என்பதைத் துளைக்காமல், அறுக்காமல், வெறும் வெளிச்சத்தால் எண்ணிவிட்டார்கள். அவர் தொழிற்சாலையில் ஒரு இரும்பின் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க நான்கு பேர் வேண்டும். அறுத்துப் பார்த்தபின் அந்த இரும்பு இருக்காது.

குதிகாலில் ஒரு குத்து. சர்க்கரை சரியாக இருந்தது. கக்குவான் இருமலா என்று பார்க்க மூக்கில் ஒரு பஞ்சுக்குச்சி. இதயத்துக்கு ஈசிஜி. ஒட்டவேண்டிய வில்லைகளுக்கு அந்த மார்பில் இடம் போதவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கட்டம் போட்ட காகிதத்தில் கோடு ஓடி வந்தது. நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு. வாழ்நாள் முழுவதும் கட்டம் போட்ட காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவர் அந்தக் கோட்டை வாயைத் திறந்தபடி பார்த்தார். அவர் ஒப்புதலுக்காக அது ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"எல்லாம் நார்மல்" என்றார் டாக்டர்.

"அப்ப காரணம்?"

"தெரியல சார். சில குழந்தைகளுக்கு இப்படி வரும். வந்து போயிடும்."

"ஸ்கேன் ஏதாவது எடுத்துடலாமே. எல்லா டெஸ்டும் எடுங்க."

"எல்லாத்தையும் எடுத்தா எதுலயாவது ஏதாவது ஒண்ணு தப்பாத் தெரியும். அப்புறம் அதுக்குப் பின்னால நாம ஓடணும், குழந்தையும் ஓடணும். ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைங்கறதால நாளைக்கு வரைக்கும் மிஷின்ல வெச்சுப் பாக்கலாம். அதுதான் இப்ப தேவை."

ஞானசேகரனின் அலுவலகப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை யாரும் காலியாக விட முடியாது. விட்டு விட்டு வரும் பழுதுதான் அங்கே எல்லோருக்கும் எமன். மேசைக்கு வந்தால் ஒழுங்காக ஓடும், வண்டியில் ஏற்றினால் நிற்கும். அப்படிப்பட்ட சாமானைத் தட்டி, குலுக்கி, சூடேற்றி, பழுது மீண்டும் தலைகாட்டும்வரை விடமாட்டார். அந்தப் பழக்கத்தில் வாய் திறந்தது.

"மறுபடி வர வெச்சுப் பாக்க முடியாதா டாக்டர்?"

குழந்தையின் கட்டிலருகே நின்ற மைதிலி மெதுவாகத் திரும்பினாள்.

"இன்னா சொன்னே?"

ஒன்பது வருட இல்லறத்தில் அன்றுதான் 'ங்க' உதிர்ந்தது. தான் என்ன கேட்டோம் என்பது அப்போதுதான் ஞானசேகரனின் காதில் விழுந்தது.

டாக்டர் கிருஷ்ணப்பிரியா பேனாவை மூடினார். "வர வெச்சுப் பாக்கலாம் சார். குழந்தைய இல்ல, குக்கர. இந்த விஷயத்துல அம்மா சொல்றதுதான் பெரிய டெஸ்டு. அவங்க ரெண்டு விசில்னாங்க. அந்த ரெண்டு விசிலுக்கு நடுவுல எவ்வளவு நேரம்னு எனக்கு வேணும்."

ஞானசேகரன் உயிர் பெற்றார். வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்த பூபாலனைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அதே குக்கர், அதே அடுப்பு. காலைல எவ்வளவு அரிசி போட்ட?"

"ரெண்டு டம்ளரு மச்சான்."

"தண்ணி?"

"கண்ணளவு."

"கண்ணளவுன்னா எத்தனை மில்லி?"

"அத என் கண்ணாண்டதான் கேக்கணும். பாப்பா எப்டி கீது, அத சொல்லு மொதல்ல."

"நல்லா இருக்கா. தீ?"

"பெரிய அடுப்பு, ஃபுல்லு. இன்னா மச்சான், பாப்பாவுக்கா சோறு?"

"முதல் விசிலுக்கும் ரெண்டாவது விசிலுக்கும் எத்தனை செகண்ட்னு போன்ல பாத்துச் சொல்லு. ஒரு ரீடிங் போதாது. மூணு எடு. ஒவ்வொரு தடவையும் குக்கரை நல்லா ஆற வெச்சுட்டு."

"மூணு தபா ஆக்குனா யாரு துன்றது? ஊட்ல நான் ஒருத்தன்தான் கீறேன்!"

"டேய், ஆக்குடா" என்றாள் மைதிலி. பூபாலன் ஆக்கினான். இரண்டரை மணிநேரத்தில் முடிவு வந்தது: நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்திரண்டு. தெருநாய்களுக்குப் பிற்பகல் விருந்து நடப்பதாகவும் தகவல்.

டாக்டர் 'ஒரு நிமிடத்துக்குள்' என்று எழுதிக்கொண்டார். ஐந்து நிமிடமும் பத்து நிமிடமும் சுவடில்லாமல் போயின. நிறுத்துக்கடிகாரத்தோடு பதினாறு வருடம் வாழ்ந்தவர் தவறவிட்டதை, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள் சமையலறைச் சத்தத்தை வைத்து அளந்துவிட்டாள். ஞானசேகரன் மனைவியைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

மாலையில் மைதிலி கண்ணயர்ந்தபோது காவல் அவருக்கு வந்தது. குழந்தையின் வயிறு குடுகுடுவென்று ஏறி இறங்கியது. பிறகு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஞானசேகரன் எழுந்து கத்துவதற்கு வாயைத் திறந்தார். வயிறு ஏறியது.

"டாக்டர்! நிறுத்தி நிறுத்தி விடுறா!"

"இந்த வயசுல அப்படித்தான் சார். விடும், நிறுத்தும், மறுபடி விடும்."

"டாலரன்ஸ் எவ்வளவு?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "பத்து செகண்டுக்குள்ளன்னா பயம் இல்ல. இருபது போனாலோ, கலர் மாறினாலோ மிஷினே ஊரக் கூட்டும்."

அவர் உட்கார்ந்து எண்ணினார். ஆறு. மூன்று. ஏழு. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. அவர் கைக்கு வந்திருந்தால் அத்தனையையும் தள்ளுபடி செய்திருப்பார். ஒவ்வொரு முறையும் எல்லாம் நின்றுபோன அந்த இடத்தில், யாரும் பொத்தானை அழுத்தாமல், யாரும் உத்தரவிடாமல், அது தானே மறுபடி தொடங்கியது. தொழிற்சாலையில் நின்ற மோட்டாரைத் திருப்பி ஓட்ட மூன்று பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே எழுதிக் கொடுத்தது யார்? நாற்பதாவது நிறுத்தத்துக்குப் பிறகு அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். கண்விழித்த மைதிலி, கணவர் கைகூப்பியிருப்பதைப் பார்த்தாள். எதை நோக்கி என்று கேட்கவில்லை.

"காபி குடிக்கிறீங்களா?" என்றாள். 'ங்க' திரும்பியிருந்தது.

இரவும் மறுநாள் பகலும் கழிந்தன. இயந்திரம் ஒருமுறைகூடக் கத்தவில்லை. திங்கட்கிழமை மாலை டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"இனிமே வராதுன்னு எழுதித் தருவீங்களா டாக்டர்?"

"மாட்டேன் சார். வந்தா என்ன செய்யணும்னு சொல்லித் தரேன்."

ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். மார்பின் நடுவே இரண்டு விரலை வைத்து எவ்வளவு அழுத்துவது, வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி எப்படி ஊதுவது என்று ஞானசேகரன் கற்றுக்கொண்டார். கஸ்தூரி நான்கு தடவை தப்பு என்றார். ஐந்தாவது தடவை போதும் என்றார். சரி என்று சொல்லவில்லை.

பூபாலனின் ஆட்டோ கரையான்சாவடி சிக்னலில் நின்றது. மைதிலியின் மார்பில் குழந்தை தூங்கியது. ஞானசேகரன் வெளியே பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் ஒருவன், பூக்காரம்மா, போக்குவரத்துக் காவலர், பஸ் படிக்கட்டில் தொங்கும் கூட்டம். இத்தனை பேரும் ஒரு காலத்தில் பத்தொன்பது நாள் குழந்தையாக இருந்து, நிறுத்தி, தொடங்கி, நிறுத்தி, தொடங்கி இங்கே வந்து நிற்கிறார்கள். ஒருவருக்கும் உத்தரவாதச் சீட்டு கிடையாது. ஆனாலும் சாலை கொள்ளாத அளவுக்கு மூச்சு.

"பூபாலா, இவங்க எல்லாரும் மூச்சு விடுறாங்க பாத்தியா?"

"உடாம இன்னா மச்சான் பண்ணுவானுங்கோ?"

பச்சை விழுந்தது. முன்னால் நின்ற ஐயப்பன்தாங்கல் பஸ் கரும்புகையைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.