மலர்வெளி வாயிலில் வைத்த பூ

மேலைக்கடலின் நீரை முகந்து வந்து மூன்று திங்களாய் ஓயாது கொட்டித் தீர்த்த முகில்கள், இனிப் பொழிவதற்கு ஒன்றுமில்லாத களைப்போடு மலைமுகடுகளின்மேல் சாய்ந்து கிடக்கும் ஆவணித் திங்களின் கடைநாள்களில், மும்பை மாநகரை விட்டு வைகறையிற் புறப்பட்டு, கண்டாலா மலைவழியையும் கடந்து முற்பகல் முழுதும் செல்பவர், ஓங்கிய மலையொன்றின் தலைமேல் மரமின்றிப் பரந்து கிடக்கும் கரும்பாறை வெளியொன்றைக் காண்பர். ஆண்டின் பெரும்பகுதியும் ஆடு மேய்ப்பவரும் ஏறெடுத்துப் பாராத அப்பாறை, தன் இடுக்குகளில் தங்கிய விரற்கடை மண்ணைக்கொண்டே ஊதாவும் மஞ்சளும் வெண்மையுமாய்க் கண்ணுக்கெட்டிய மட்டும் பூத்து, ஆறு கிழமை அளவே நீடிக்கும் அச்செல்வத்தைக் காற்றுக்கும் வண்டுக்கும் வாரி வழங்கும். அடிவாரத்து ஊரார் அதனை வேலியிட்டுக் காத்து, வாயிலில் காவலரையும் நிறுத்தி, ஒரு பூவையும் எவரும் கொய்யாதவாறு பேணி வந்தனர்.

அறிவார்ந்த அன்பரே, நம் கதைமாந்தர் இவ்வியற்கை வனப்பில் தோய்ந்து உள்ளம் உருகுவதற்காக அங்கே சென்றனர் என்று எண்ணிவிட வேண்டா. அவர்கள் சென்றது பெண் பார்ப்பதற்கு.

தாராவியில் முப்பத்தெட்டு ஆண்டுகளாய்க் குடியிருக்கும் உலகம்மாள், தென்காசிப் பக்கத்திலிருந்து இருபதாம் அகவையில் மணமாகி வந்தவள். தோல் பதனிடும் ஆலையில் உழைத்து ஓய்ந்த வைகுண்டத்தின் மனைவி. அவர்தம் ஒரே மகன் இசக்கிமுத்து, நெருளில் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, பிறர் குடிபுகும் மாடமாளிகைகளுக்கு வரைபடம் வரைபவன். முப்பத்து நான்கு அகவை நிரம்பிய அவனுக்குக் குணத்தில் ஒரு குறை சொல்ல எவராலும் இயலாது. ஆயினும் ஏழு வீட்டார் அவனைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, வீடு எங்கே என்று கேட்டு, தாராவி என்ற விடை கேட்டபின் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டனர். ஏழாம் வீட்டாரும் ஓசையின்றி நழுவிய பிறகு, மகன் தாயின் முகத்தை நேரே பார்த்து உண்பதையும் விட்டுவிட்டான். இந்த எட்டாவது இடமும் கைநழுவினால் அவன் இனி ஒருபோதும் மணத்துக்கு இசையமாட்டான் என்னும் அச்சம் உலகம்மாளின் நெஞ்சில் ஊன்றி நின்றது.

எட்டாவது இடம் செம்பூரில் வாழும் சுப்பிரமணியனின் மகள் சுனிதா. காட்கோபர் மருத்துவமனையொன்றில் குருதி ஆய்வு செய்யும் இருபத்தொன்பது அகவையினள். நான்கு முறை தன் வீட்டுக் கூடத்தில் வந்தமர்ந்து, கேசரியும் பஜ்ஜியும் உண்டு, கடிதம் போடுகிறோம் என்று எழுந்து சென்றவர்களின் முதுகுகளைப் பார்த்துச் சலித்தவள் அவள். அந்நான்கு முறையும் ஆமா இல்லையா என்று அவளை எவரும் கேட்டதில்லை. கேட்கும் நிலைக்கு எதுவும் வளரவுமில்லை. ஆகவே இம்முறை அவள் தந்தையிடம் இரண்டு வேண்டுகோள்களை வைத்தாள்: வீட்டுக் கூடம் வேண்டா, வெளியே எங்கேனும் இரு வீட்டாரும் ஒருநாள் சென்று வருவோம், அன்று எவரும் எதுவும் முடிவு செய்தல் கூடாது, புதன்கிழமை என் வாயால் நானே சொல்வேன். உலகம்மாள் தொலைபேசி வழியே அதற்கு மனமார இசைந்தாள். இசைந்தது நல்லெண்ணத்தால்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அவ்வாறே ஒரு ஞாயிறன்று விடியற்பொழுதில் சிற்றுந்து ஒன்றை அமர்த்திக்கொண்டு, தாராவியிலிருந்து புறப்பட்டவர்கள் மாட்டுங்காவில் வண்டியை நிறுத்தினர். உலகம்மாள் இறங்கிச் சென்று, நிலையத்தருகே பூக்கடை வரிசையில் எட்டு முழம் மல்லிகை வாங்கி இலையில் பொதிந்துகொண்டாள். செம்பூரில் பெண்வீட்டார் ஏறியதும், தாயில்லாத சுனிதாவை வளர்த்த அத்தையாகிய விஜயராணிக்கும், உடன்வந்த மற்றப் பெண்டிர்க்கும் பூவை நறுக்கி நறுக்கிக் கொடுத்தாள். சுனிதாவுக்கு மட்டும் கொடுத்தாளில்லை. கொடாமைக்குக் காரணம் உண்டு. மணமகன் வீட்டார் பெண்ணின் தலையில் பூ வைத்தார் எனில், அவ்விரு குடியினர் வழக்கில் அப்பெண் அவ்வீட்டுக்கு உரியவள் ஆனாள் என்பதே பொருள். அதன்பின் ஓலையும் வேண்டா, சான்றும் வேண்டா. அதனை நன்கறிந்தவளாதலின், மிஞ்சிய இரண்டு முழத்தையும் இலைக்குள் வைத்து மடிமேல் இருத்திக்கொண்டு, வழிநெடுகத் தன் கையைத் தானே காவல் காத்து வந்தாள்.

நண்பகல் அணுகும் வேளையில் மலர்வெளியின் வாயிலை அடைந்தபோது, ஞாயிறாதலின் பெருங்கூட்டம் நெரித்தது. தூறலும் பனிப்புகையும் கலந்து வீசிய காற்றில் வரிசை மெல்ல நகர்ந்தது. வாயிற்காவலன் உலகம்மாளின் கையிலிருந்த இலைப்பொதியைச் சுட்டி, வெளியிலிருந்து எவர் பூக் கொண்டுசென்றாலும், திரும்பி வருகையில் அது கொணர்ந்ததா கொய்ததா என்று எவ்வாறு அறிவது என மராத்தியில் வினவி, அருகிலிருந்த கூடையைக் காட்டினான்.

"ஹாதாத் நகோ. கேசாத் சாலேல்," என்றான், கையில் கூடாது, கூந்தலில் ஆகும் என்பது அதன் பொருள்.

முப்பத்தெட்டு ஆண்டாய் மராத்தியைக் காதாற் கேட்டுப் பழகிய உலகம்மாளுக்கு அது விளங்கிற்று. அவள் தலையிலோ முன்னமே பூ நிறைந்திருந்தது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினர். கூடைக்குள் மழைநீரில் ஊறிய பூக்களும் வாழைப்பழத் தோலும் ஒருங்கே கிடந்தன. மாட்டுங்காவின் மல்லிகையை அக்கூடையில் எறிய எந்தத் தாராவிப் பெண்ணுக்குத்தான் மனம் வரும்? அவளுக்கு முன்னே, ஒரு சாண் தொலைவில், பூவற்ற பின்னல் ஒன்று இருந்தது. மனம் எண்ணுமுன் கை முந்திற்று; இரண்டு முழமும் மடிந்து அப்பின்னலில் ஏறியது.

சுனிதா திடுக்கிட்டுத் திரும்பினாள். மறுநொடி விஜயராணி இரு கைகளையும் வாயருகே குவித்து, தாமிரபரணிக் கரையே எழுந்து வந்தாற்போல் ஒரு குலவையிட்டாள். வரிசையில் நின்ற மராத்தியரும் குசராத்தியரும் என்ன நேர்ந்ததென்று அறியாது திகைக்க, காவலன்கூடச் சிரித்துவிட்டான்.

"பூ வச்சாச்சு! மதினி பூ வச்சிட்டாவ!" என்று கண்ணீர் பொங்கக் கூவிய விஜயராணி, உள்ளே நூறு அடி நடப்பதற்குள் கைப்பேசியில் நெல்லைக்கும் செம்பூருக்கும் செய்தியைச் சேர்ப்பித்துவிட்டாள். சுப்பிரமணியனும் வைகுண்டமும் கைகளைப் பற்றிக்கொண்டனர்.

ஈண்டு உலகம்மாளின் உள்ளத்தை ஒளியாது உரைப்பதே நமக்கு முறையாகும். முதற்கண் அவள் அஞ்சினாள். ஆனால் அடுத்து அவள் தன் மகனைப் பார்த்தாள். வேலியோரமாய் நின்ற இசக்கிமுத்துவின் முகம், எத்தனையோ ஆண்டுகளாய் அவள் காணாத ஒரு மலர்ச்சியோடு விளங்கிற்று. தான் இப்போது செய்யவேண்டியது ஒன்றுமில்லை, வாயைத் திறவாதிருந்தாலே போதும், வழக்கம் தானே மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்று அவள் நெஞ்சம் கூறிற்று. கூறியதும் அவளுக்கு நாணம் வந்தது. காலை முதல் காவல் காத்த கை அறியாமல் மறந்ததா, அறிந்தே முந்தியதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அதற்கு அவளாலேயே விடை கூற இயலவில்லை.

சுற்றிலும் பூத்துக் கிடந்த வெளியை அக்குழுவினருள் எவரும் சரியாகப் பார்த்தாரல்லர். மகிழ்ச்சியுற்றோர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தவண்ணம் சென்றனர். சுனிதா மட்டும் ஒற்றையடிப் பாதையில் தனியே முன்சென்று, முழங்காலளவு உயர்ந்த ஊதாப் பூக்களின் நடுவே நின்றாள். அவள் கை ஒருமுறையும் தலைக்குச் செல்லவில்லை. தலையோ வேறொருவர் வைத்த நீர்க்குடத்தைத் தாங்குவதுபோல் அசையாதிருந்தது. உலகம்மாள் மூச்சிரைக்க அவளருகே போய் நின்றாள்.

"புதன்கிழமைன்னுதானே அத்தை பேசினோம்?" என்றாள் சுனிதா. குரலில் சினமில்லை.

"ஆமம்மா. கூடையில போட மனசு வரல. கை போயிட்டு."

"இப்ப நான் எடுத்தா எங்க அத்தை அழுவாங்க. அப்பா எல்லாருக்கும் பதில் சொல்லணும். விடுங்க, டீக் ஹை, பரவாயில்ல."

இதைச் சொன்ன அவள் மீண்டும் பூக்களை நோக்கித் திரும்பினாள். அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம், சீறியிருந்தால் தானும் சீறியிருக்கலாம். எல்லாம் இவ்வளவுதான் என்று ஒதுங்கிக்கொண்ட அந்த அமைதியை என்ன செய்வதென்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை. பிறகு விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

வெளியின் ஓரத்தில் தகரக் கூரை வேய்ந்த உணவுக் கொட்டகையில், கட்டிவந்த புளிச்சோற்றை அனைவரும் பிரித்து அமர்ந்தபோது அவள் மட்டும் அமரவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் கேட்டுக்கிடுங்க," என்றாள். "நான் வச்சது நிச்சயப் பூ இல்ல. வாசல்ல கூட்டம் நெருக்குச்சு, அவன் கூடையில போடுன்னான், நான் அவசரத்துல வச்சிட்டேன். தப்பு என்னோடது. சுனிதா புதன்கிழமை அவ வாயால சொல்லுவா. அதுவரைக்கும் ஒண்ணும் முடியல."

"என்ன மதினி இது? வச்ச பூவ இல்லைன்னு சொல்லுதிய! அபசகுனம்லா? ஊருக்கெல்லாம் ஃபோன் போட்டாச்சே!" என்று விஜயராணி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஊருக்கு நான் பேசிக்கிடுதேன். ஊராவா வாழப் போகுது?"

வைகுண்டம் மனைவியை முறைத்தார். மகனின் முகத்தை அவள் வேண்டுமென்றே பார்க்கவில்லை. சுனிதாவின் பின்னே சென்று, ஊசி தலையில் உறுத்தாதவாறு மெல்ல எடுத்து, அந்த இரண்டு முழத்தையும் தன் கொண்டையிலேயே, இருந்த பூவின்மேல் சுற்றிக்கொண்டாள். பூவை எறியாது தன் தலையிலேயே சூடிக்கொண்டதில் எவர்க்கும் எந்தத் தீக்குறியும் இல்லையன்றோ. சுனிதா அப்போதுதான் தலையை நிமிர்த்தி, இசக்கிமுத்துவை நோக்கி, வாருங்கள், சற்று நடந்துவிட்டு வரலாம் என்று தானே அழைத்தாள். இருவரும் ஒருமணி நேரம் அம்மலர்களினூடே நடந்து பேசினர். தொலைவிலிருந்து பார்த்த உலகம்மாளுக்கு, செய்தது நன்மையாகவே முடியும் என்னும் நம்பிக்கை துளிர்த்தது.

புதன்கிழமை மாலை சுனிதா தொலைபேசியில் அழைக்கவில்லை; பணி முடிந்ததும் தானே தாராவிக்கு வந்துவிட்டாள். குறுகிய சந்துகளில் வழி கேட்டு வந்து, செங்குத்தான ஏணிப்படிகளில் ஏறி, அந்த ஒற்றையறையின் பாயில் அமர்ந்து, கொடுத்த காப்பியை முழுதும் குடித்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்த அவள் விழிகளில் ஏளனம் சிறிதுமில்லை.

"எனக்கு வேண்டாம் அத்தை," என்றாள். "இத ஃபோன்ல சொல்ல மனசு வரல. நீங்க அன்னைக்கு எனக்காக எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னீங்க."

உலகம்மாள் கேட்டாள்: "இந்த வீடாம்மா?"

"வீடு இல்ல. நான் பிறந்ததும் இந்த மாதிரி வீட்டுலதான். உங்க மகன் ரொம்ப நல்லவர். நான் அவர்கிட்ட, உங்களுக்கு என்ன வேணும், என்னை ஏன் பிடிச்சிருக்குன்னு கேட்டேன். அம்மாவுக்குப் பிடிச்சிருக்கு, அது போதும்னார். திருப்பித் திருப்பிக் கேட்டேன் அத்தை. அதையேதான் சொன்னார். எனக்கு அது போதாது."

அவள் படியிறங்கிச் சென்ற பிறகும் உலகம்மாள் நெடுநேரம் வாயிலிலேயே நின்றாள். அதுவரை உள்ளே கேட்டுக்கொண்டிருந்த வைகுண்டம் இரைந்தார்: "பாத்தியா? நீ அன்னைக்கு வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் பத்திரிகை அடிச்சிருக்கலாம்!"

"கேட்டோம். சொல்லிட்டா," என்றாள் அவள்.

விளக்கேற்றும் பொழுதில் நெருளிலிருந்து மகன் வந்தான். செய்தியை முன்னமே அறிந்தவன்போல் ஒன்றும் வினவாது தட்டின்முன் அமர்ந்தான். சோற்றைப் படைத்த உலகம்மாள், வழக்கம்போல் அடுப்பருகே செல்லாமல் அவனெதிரே சம்மணமிட்டு அமர்ந்தாள். அவன் எந்தப் பள்ளியில் படிப்பது, எந்த வேலையில் சேர்வது, எந்தப் பெண்ணைப் பார்ப்பது என்பவற்றையெல்லாம் முப்பத்து நான்கு ஆண்டுகளாய் அவளே அன்போடு முடிவு செய்துவந்தாள். அவனும் அன்போடே இசைந்துவந்தான். அவ்வன்பில் பழுதொன்றும் இருந்ததில்லை. கேள்வி ஒன்றுதான் இருந்ததில்லை.

"எலே," என்றாள். "உனக்கு என்னலே வேணும்?"

இசக்கிமுத்து கையிற் பிசைந்த சோற்றோடு தலை நிமிர்ந்து, பல திங்களுக்குப்பின் தாயின் முகத்தை நேரே நோக்கினான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்; சொல் வரவில்லை. தன்னுள் அதைத் தேடுபவன்போல் அவன் விழிகள் அலைந்தன. தட்டிலிருந்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. கீழே சந்தில் சிறுவர்கள் கூச்சலிட்டு ஓடினர். பிறர்க்கென ஆயிரம் இல்லங்களை வரைந்து பழகிய அம்மகன் தன் விழைவு இன்னதென்று அறிவதற்கு எத்துணை நாள் ஆகுமோ, அதை நாம் அறியோம். அவளோ, எழுந்து போகவில்லை, தானே விடையை எடுத்துக் கொடுக்கவுமில்லை, வாய்மூடி அவன் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.