இளவரசி எப்போது ஊருக்குப் போகலாம்

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டின் சாப்பாட்டு மேஜையில் மாளவிகா ஸ்கூல் ப்ராஜெக்டுக்காகப் பழங்காலத்து ஜப்பானிய இளவரசி ஒருத்தியின் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா எழிலரசி துடைத்த அடுப்பையே மூன்றாவது தடவையாகத் துடைத்தாள். கை சும்மா இருந்தால் மனசு ஊருக்கு, கோபிக்கு ஓடிவிடுகிறது. அங்கே அப்பா, மாளவிகாவின் அப்புச்சி, ஆஸ்பத்திரியில் படுத்து ஒன்பது நாளாகிறது.

மகள் படத்தின் கீழே எழுதியதைச் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தாள். பேரரசரின் பெண்ணைக் குறி பார்த்துத் தேர்ந்தெடுத்து, வெகுதூரத்து இசே கோயிலுக்குச் சேவை செய்ய அனுப்பிவிடுவார்களாம். கல்யாணம் கிடையாது. சாவு என்ற சொல்லை அங்கே வாயில் எடுக்கவே கூடாது; செத்தவரையும் குணமாகிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

எழிலரசி அந்த வரியைத் திரும்பப் படித்தாள். தம்பி சபரிநாதன் காலையில் போனில் சொன்னதும் அதுதானே! "அப்பாவுக்குக் கொணமாயிட்டு வருதுக்கா, நீ பதறாத." அமெரிக்காவில் இருப்பவளிடம் நல்லதை மட்டும் சொல்வது அந்த வீட்டு வழக்கம். பெரியப்பா இறந்ததைக் காரியமெல்லாம் முடிந்தபிறகுதான் சொன்னார்கள், பாவிகள்.

உடனே தம்பியைக் கூப்பிட்டாள். "வீடியோவப் போடு."

"நெட்டு சரியில்லக்கா."

"போடுறா!"

போட்டான். மூக்கில் குழாயோடு அப்பா. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. சபரிநாதன் உடைந்துவிட்டான். "ஒரு வாரந்தான்ங்கிறாரு டாக்டரு."

பக்கத்தில் நின்ற கணவன் பசுபதி தயங்கித் தயங்கிச் சொன்னான். "இப்பப் போனா விசா ஸ்டாம்பிங் பண்ணாமத் திரும்பி வர முடியாது, எழிலு. கான்சுலேட்டுல டேட் எப்பக் கெடைக்கும்னே தெரியாது. மாசக்கணக்கா மாட்டிக்குவ. வேலையும் போயிரும்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. எழிலரசி மகளிடம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு எப்பத்தான் ஊருக்குப் போலாம்?"

"வென் த எம்பரர் டைஸ். ஆர் ஹர் பேரன்ட்ஸ்," என்றாள் மாளவிகா, தலையை நிமிர்த்தாமல்.

எழிலரசி படுக்கையறைக்குப் போய்ப் பெட்டியை இறக்கினாள். கைக்குக் கிடைத்த புடவைகளைத் திணித்தாள். வாசலில் மாளவிகா வந்து நின்றாள்.

"இஸ் அப்புச்சி டெட்?"

"இல்லடி. இருக்காரு. அதனாலதான் போறேன்."

"வென் ஆர் யூ கமிங் பேக்?"

எழிலரசி இன்னொரு புடவையை எடுத்துத் திணித்தாள். மாளவிகா திறந்திருந்த பெட்டிக்குள், புடவைகளின் மேல், காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.