ஆள்காட்டி விரல்

பிற்பகல் ஒரு மணிக்கு டெஸ் ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு வணக்கம் சொன்னார்.

குவில்பியிலிருந்து விண்டோராவுக்குப் போகும் சாலையில் எதிரே எந்த வண்டி வந்தாலும், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் ஒருமுறை உயர்த்தி இறக்க வேண்டும். முழுக் கையையும் ஆட்டுகிறவன் சிட்னிக்காரன். ஒன்றுமே செய்யாதவனைப் பற்றி அடுத்த ஊர் மதுக்கடையில் பேசிக்கொள்வார்கள். டெஸ் முப்பது வருஷம் கவுன்சிலில் கிரேடர் ஓட்டி இந்தப் பக்கத்து மண் சாலைகளைச் சமன் செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருஷமாக, படுக்கையும் அடுப்பும் வைத்த கேரவனைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு சுற்றுகிறார். இத்தனை காலத்தில் அந்த விரல் ஒருநாளும் தவறியதில்லை.

தொட்டிக்கு விரல் உயர்ந்தபோது பக்கத்தில் இருந்த அவர் மனைவி கிளெனிஸ் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்து, மாடுகள் குறுக்கே வரும் என்று எச்சரிக்கும் பலகைக்கும் விரல் உயர்ந்தது. மனுஷன் வேடிக்கை காட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். அப்புறம் ஒரு வெள்ளைப் பிக்கப் எதிரே வந்தது. தார் ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பேரும் பாதிப் பாதி மண்ணில் இறங்க வேண்டியது முறை. பிக்கப்காரர்தான் முழுசாக இறங்கினார், இறங்கியவர் விரலையும் உயர்த்தினார். டெஸ் இறங்கவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

கிளெனிஸ் தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். கோளாறு விரலில் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தக் கழுகப் பாரேன், எம்மாம் பெருசு," என்று வெறும் சாலையைக் காட்டிச் சொன்னாள்.

"ஆமா. நல்ல பெரிய கழுகு," என்றார் டெஸ்.

தூரத்தில் சிவப்பாகப் புழுதி எழுந்தது. மூன்று பெட்டிகளைக் கோர்த்து மாடுகளை ஏற்றிவரும் லாரி. ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். அதற்கு யாரும் பாதி வழி விடுவதில்லை. முழுசாக ஒதுங்கி நின்று, அது போன பிறகு பல்லில் ஒட்டிய மண்ணைத் துப்பிவிட்டுக் கிளம்புவார்கள். டெஸ் எண்பதில் போய்க்கொண்டே இருந்தார்.

"டெஸ், எதுத்தாப்புல வருது."

"தெரியுது."

"என்ன வருது?"

டெஸ் கொஞ்சம் யோசித்தார். "கார்."

"எடது பக்கம் எறக்கு. இப்பவே. இன்னும் எறக்கு. பிரேக்கப் போடு."

சொன்னதெல்லாம் செய்தார். அந்த மட்டில் பிழைத்தார்கள். லாரியும் அதன் புழுதியும் அவர்களைத் தாண்டப் பத்து விநாடி ஆனது. கேரவனுக்குள்ளே தட்டுகளும் கரண்டிகளும் இடம் மாறின. மாட்டுச் சாணம் கண்ணாடியில் வந்து விழுந்தது. எல்லாம் அடங்கிய பிறகு, ஆளில்லாத சாலையைப் பார்த்து டெஸ் விரலை உயர்த்தினார்.

கிளெனிஸ் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"புழுதி," என்றார் டெஸ்.

"கண் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்து கழுகுக் கண்ணுன்னு சொன்னியே."

"கழுகுக் கண்ணுதான். முன்னாடி."

"இப்ப?"

"நேராப் பாத்தா நடுவுல சாம்பலா ஒரு வட்டம். சுத்தி எல்லாம் நல்லாத் தெரியுது. உன் காது தெரியுது. மூஞ்சிதான் இல்ல."

"வண்டி ஓட்டக் கூடாதுன்னாரா?"

"ஊருக்குள்ள, ஜனங்க நடமாடுற எடத்துல ஓட்டாதீங்கன்னார். இங்க ஊரும் இல்ல, ஜனமும் இல்ல."

"நான் ஒருத்தி ஒக்காந்திருக்கேன்."

கிளெனிஸுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிளம்பிய ஊரான டூவூம்பாவிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், தன் முகமே தெரியாத மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கெழுத்துப் புதிருக்கு விடை தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். கோபம் கொஞ்சம் இறங்கியதும் அழுகை வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், ஆறிப்போன தேநீரைக் குடித்தாள்.

"எறங்கு. நான் ஓட்டுறேன்."

"கேரவனோட நீ ஓட்டினதே இல்ல."

"நீ விட்டாத்தானே."

"முன்னாடி போறதப் பத்தி எனக்குக் கவலையில்ல, கிளென். விண்டோராவுல ரிவர்ஸ் எடுக்கணும். நாலு மணிக்குப் போய்ச் சேருவோம். எல்லாரும் வெளியதான் ஒக்காந்திருப்பானுங்க."

அதுதான் விஷயம். இரவு தங்க வண்டிகளை நிறுத்தும் கேரவன் பார்க்கில் நாலு மணிக்கு எல்லோரும் மடக்கு நாற்காலியைப் போட்டு, கையில் பீரோடு உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்கள் பின்னோக்கி நிறுத்துவதைப் பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் சினிமா கொட்டகை கிடையாது. போன வருஷம் ஒருவர் ஒன்பது தடவை முயன்றுவிட்டு, பொண்டாட்டியோடு பேசாமல் அப்படியே அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அவர் மீசை எப்படி இருந்தது என்பதுவரை இன்னமும் சொல்கிறார்கள். டெஸ் எப்போதும் ஒரே தடவையில் நிறுத்துவார். அந்த நாற்காலிகளுக்கு முன்னால் இடது பக்கக் கதவைத் திறந்து இறங்குவதற்கு லாரியில் மோதுவதே தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறானுங்க," என்றாள் கிளெனிஸ். "நான் உயிரோட ஊர் போய்ச் சேரணும். நீயும் சேரணும். எறங்கு, கெழவா."

டெஸ் இறங்கினார். "விண்டோரா வரைக்கும்தான்," என்றார். இன்னொரு சாவி அவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து இடது பக்கம் ஏறினார்.

கிளெனிஸ் ஸ்டியரிங்கைத் தேங்காய் உரிக்கிறவள் போலப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். அரை மணி நேரம் கழித்து ஒரு கார் கடந்தது.

"வண்டிதானே அது?" என்றார் டெஸ்.

"ஆமா."

"வெரலத் தூக்கினியா?"

"கையே எடுக்க முடியல, வெரலாம் வெரல்."

"அவர் தூக்கினாரா?"

"தூக்கினார்."

டெஸ் கண்ணை மூடிக்கொண்டார். "நம்மளப் பத்தி என்ன நெனச்சிருப்பார்."

ஐந்து கிலோமீட்டர் போனது. பிறகு தன் பக்கத்து டாஷ்போர்டின் மேல் வலது கையை வைத்தார். "எதாவது வந்தாச் சொல்லு. நான் தூக்குறேன்."

அதற்குப் பிறகு வந்தவை மொத்தம் ஆறு. கிளெனிஸ் ஒவ்வொரு தடவையும் "வருது" என்றாள். விரல் ஒன்றுகூடத் தவறவில்லை. ஒருமுறை ஈமுக்கோழி வந்தபோதும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். டெஸ் அதற்கும் தூக்கினார்.

விண்டோராவில் நாற்காலிகள் தயாராக இருந்தன. இவர்களுக்குக் கொடுத்த இடம் இரண்டு வெள்ளைக் கேரவன்களுக்கு நடுவில். டெஸ் இடது பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். தலைகள் திரும்பின. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பின்னால் போய் நின்று சைகை காட்டுவதற்காக அவர் நடந்தார். பதினோரு வருஷமாக அது கிளெனிஸின் வேலை.

பக்கக் கண்ணாடியில் அவள் டெஸ்ஸைத் தேடினாள். காணவில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். டெஸ் பக்கத்துக் கேரவனுக்குப் பின்னால் நின்று, "எடது, இன்னும் எடது, வா வா," என்று இரண்டு கையாலும் மிகச் சரியாகச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கேரவன் மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது. அதன் சொந்தக்காரர், வயிறுவரை தாடி வைத்த ஒரு மனிதர், அதன் நிழலில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் டெஸ்ஸைப் பார்த்தார், கிளெனிஸைப் பார்த்தார், பீரைத் தரையில் வைத்தார்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் இருபது நாற்காலிக்கும் தெரிந்துவிடும். கிளெனிஸ் கூப்பிடவில்லை. பதினோரு வருஷம் வண்டிக்குப் பின்னால் நின்றவளுக்கு, எந்தத் திருப்புக்குப் பின்பக்கம் எங்கே போகும் என்று அத்துப்படி. ரிவர்ஸ் போட்டாள். முதல் தடவை குப்பைத் தொட்டி ஒன்று சாய்ந்தது. இரண்டாவது தடவை கோணலாகப் போனது. மூன்றாவது தடவை கேரவன் நேராக உள்ளே போனது. டெஸ் உள்ளங்கையைக் காட்டி "நிறுத்து" என்றபோது, இன்னும் ஒரு மீட்டர் போக வேண்டியிருந்தும் அவள் நிறுத்தினாள்.

யாரும் கை தட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. தாடிக்காரர் எழுந்து வந்தார். "நல்லா வழி காட்டினீங்க, அண்ணே," என்றார்.

"குப்பைத் தொட்டிய யாரோ தப்பான எடத்துல வெச்சிருக்காங்க," என்றார் டெஸ்.

"ரொம்ப நாளாவே சொல்லிட்டிருக்கோம்," என்றார் தாடிக்காரர். தொட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார்.

தங்கள் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். டெஸ் பாதி பீரைக் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கிளென். நான் எந்த வண்டிக்குப் பின்னாடி நின்னேன்?"

பொய் சொல்ல அவள் வாய்வரை வந்துவிட்டது. "பக்கத்து வண்டிக்கு," என்றாள்.

டெஸ் தலையாட்டினார். இன்னும் ஒரு மிடறு குடித்தார்.

"நான் 'நிறுத்து'ன்னதும் நின்னுச்சா?"

"ஒரு அங்குலம்கூட நகரல."

அவருக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய கிளெனிஸுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரித்து முடித்தவர் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்ற முயன்றார். கொக்கி இறுகிப் போயிருந்தது, அவசரப்படாமல் தடவித் தடவிக் கழற்றினார். அவள் மடி எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து, அதில் வைத்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்று கேட்டார். இதுவரை அந்தக் கேள்வியை அவள்தான் கேட்டுவந்தாள்.

"எட்டு மணிக்கு," என்றாள் கிளெனிஸ்.