வட்டமாகப் போட்ட பெஞ்சுகள்

எங்கள் சபையில் எல்லாரையும் என் கணவருக்குத் தெரியும், பின்பக்கமாக மட்டும்.

காது கேளாத தையல்காரர் அவர். கோயிலில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் கண்ணுக்குக் கிடைப்பது காலரும் பிடரியும்தான். போதகரின் உதட்டைப் படிக்கலாமென்றால் மைக் மறைக்கும். ஆகவே ஆளுக்கொரு சைகைப் பெயரைப் பின்னாலிருந்தே வைத்துவிட்டார். பாட்டுக்குழுத் தலைவிக்குக் கோணல் கொண்டை. சபைச் செயலாளரான என் அண்ணனுக்கு உச்சந்தலையில் விரலால் ஒரு வட்டம், அதாவது வழுக்கை.

ஜெபத்தில் எல்லாரும் வாய்விட்டு வேண்டிக்கொள்வார்கள். இவர் கைகளால் வேண்டினால் பார்க்க யார் இருக்கிறார்கள்? முன்னால் முதுகுகள், பின்னால் மூடிய கண்கள். ஒருநாள், "இனி நான் வரவில்லை, கடையிலேயே ஜெபித்துக்கொள்கிறேன்" என்று சைகையில் சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! நேராகக் கமிட்டிக்குப் போய், தரையோடு முடுக்கிய பெஞ்சுகளைக் கழற்றி வட்டமாகப் போடச் சொன்னேன்.

"வட்டமாப் போட்டா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்பாங்க. பக்தி எங்கேருந்து வரும்?" என்றார் அண்ணன்.

"உன் மூஞ்சியப் பாத்து பக்தி போச்சுன்னா அது உன் மூஞ்சியோட கோளாறுண்ணே."

கமிட்டி சிரித்துவிட்டது. ஒரே ஒரு ஞாயிறு பார்ப்போம், பிடிக்காவிட்டால் பழையபடி முடுக்கிவிடலாம் என்றார் போதகர். தச்சர் கழற்றிய போல்ட்டுகளை அண்ணன் ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தினார். "எப்படியும் திரும்ப வேணுமே" என்றார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

சனிக்கிழமை என் கணவரும் பெஞ்சு தள்ளினார். மேடையிலிருந்த நற்கருணை மேசை நடுவே இறங்கியது. பெஞ்சுக் கால்கள் நின்ற இடமெல்லாம் தரை வெளுத்துக் கிடந்தது.

ஞாயிறு காலை ஒரே குழப்பம். எலி வளையானாலும் தனி வளை வேண்டுமே! அவரவர் பரம்பரை பெஞ்சைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். உட்கார்ந்த பிறகும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் எல்லாரும் செருப்பில்லாத கால்களையே பார்த்தார்கள். முதல் பாட்டு முனகலாக முடிந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, 'சொன்னேனே' என்று புருவத்தை உயர்த்தினார்.

போதகர் மைக்கைக் கீழே வைத்தார். "இன்னைக்குக் கண்ணத் திறந்துக்கிட்டே ஜெபிப்போம். தையல்காரர் தொடங்கட்டும்."

அவர் எழுந்து நடுவே வந்தார். கைகள் பேச ஆரம்பித்தன. அதைச் சபைக்குக் குரலில் சொல்ல எழுந்த எனக்கு அழுகை முந்திக்கொண்டது. ஒரு சொல்கூட வரவில்லை. அவர் கைகள் ஓடிக்கொண்டே இருந்தன, சபை புரியாமல் விழித்தது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

எதிர்ப்பக்கம் ஒருவர் எழுந்து, அந்தக் கைகளைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார். அண்ணன்.

"ஆண்டவரே, இத்தனை வருஷமா இங்க நான் தைச்ச சட்டைங்களோட முதுகத்தான் பாத்தேன். இன்னைக்குத்தான் முகங்களப் பாக்குறேன். உமக்கு ஸ்தோத்திரம்."

ஒரு சொல் பிசகவில்லை! என் கணவர் உச்சந்தலையில் வட்டம் போட்டு மேலும் ஏதோ சொன்னார். அண்ணன் நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க" என்றார் போதகர்.

"ஜெபத்துல செயலாளரோட முகம்... நெனச்ச அளவுக்கு மோசமில்லயாம்."

கோயிலே சிரித்தது. அண்ணனும் சிரித்து, சிரித்தபடியே அழுதார். என் கணவர் கைகளால் ஆமென் சொன்னார். அதைப் பார்த்து ஒவ்வொருவராகச் சபை முழுவதும் கைகளாலேயே ஆமென் சொன்னது. அந்த ஆமெனை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த பாட்டில் கூரை பறக்காததுதான் பாக்கி.

"நீ எப்பண்ணே இதெல்லாம் கத்துக்கிட்ட?" என்றேன் வாசலில்.

"ஞாயித்துக்கெழமை சாப்பாடு உன் வீட்டுலதான? நீங்க ரெண்டு பேரும் சைகையிலயே சண்ட போடுவீங்க. பாத்துப் பாத்தே வந்துடுச்சு."

மறுநாள் அண்ணன் போல்ட்டு டப்பாவோடு தையல் கடைக்கு வந்தார். "மாப்பிள்ளை, இது இனி உங்களுக்குத்தான்" என்று தட்டுத்தடுமாறிச் சைகையில் சொன்னார். துணி வெட்டும் மேசையில் அளவுச் சீட்டுகள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் அந்த போல்ட்டுகள்தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கின்றன.

அண்ணனின் சைகைப் பெயரும் மாறிவிட்டது. வட்டம் அதேதான். உச்சந்தலையிலிருந்து இறங்கி முகத்துக்கு வந்திருக்கிறது.