வாடிய கிலுகிலுப்பை

ஒற்றைச் செடியை வைத்து நாலாயிரம் வண்ணத்துப்பூச்சிகளை வீட்டுக்கு வரவழைத்தவன் நான். நான் சொல்வது எதையும் நம்புவதில்லை என்று முப்பது வருடமாகச் சபதத்தோடு இருப்பவள் என் மனைவி.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் கிலுகிலுப்பைச் செடிதான். காய்ந்த காய்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தால், உள்ளே விதைகள் குலுங்கும் சத்தத்துக்கு ஊரே திரும்பிப் பார்க்கும். அந்தச் சத்தத்துக்கு ஏங்கி, ஓய்வு பெற்றதும் ஒன்பது நர்சரி ஏறி இறங்கினேன். பத்தாவது நர்சரிக்காரர் சிரித்தார்.

“அது களை சார். இப்பத்தான் ஒண்ணைப் பிடுங்கிப் போட்டேன்.”

குப்பையில் கிடந்த அதையே விலைக்கு வாங்கி வந்து நட்டேன். மூன்றே நாளில் வாடிவிட்டது.

“செத்துப்போச்சு. நாளைக்கு அதைப் பிடுங்கிட்டு ரோஜா வைக்கப் போறேன்” என்றாள் மனைவி.

“வாடினாலும் அதோட சாறை உறிஞ்ச வண்ணத்துப்பூச்சி தேடி வரும். சின்ன வயசுல நாலாயிரம் பார்த்திருக்கேன்.”

“உங்க சின்ன வயசுல எதுதான் வரலை?”

மறுநாள் காலை மண்வெட்டியோடு போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். வாடிய தண்டே தெரியாதபடி வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்திருந்தன. மண்வெட்டி தரையில் கிடந்தது.

“நாலாயிரமெல்லாம் இல்லை, நாற்பது இருக்கும்” என்றாள் மெதுவாக. “ஆனா வந்திருக்குங்க.”